அருகு தேடிய பிரயாணம்

எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தைப் பற்றிச் சொல்லத்தக்க விசேஷம் ஒன்றுமில்லை. ஒரு மூலையில் வேப்பமரம். இன்னொரு மூலையில் தண்ணீர்க் குழாய். நடுவிலே, மழை பெய்தால் பச்சையாகவும் வெயில் அடித்தால் பழுப்பாகவும் மாறுகிற தரை. அதில் பிள்ளைகள் சடுகுடு ஆடுவார்கள்; விழுவார்கள்; எழுந்திருப்பார்கள். முழங்காலில் ஒரு சிராய்ப்பாவது படாமல் வீடு திரும்பிய பையன் எங்கள் பள்ளியில் படித்தவனே அல்லன்.

சென்ற ஐப்பசி மாதத்தில் இந்த மைதானத்துக்கு ஓர் ஆபத்து வந்து சேர்ந்தது. புல்தரை அமைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு, வழவழப்பான வர்ணப் புத்தகத்துடன் நிர்வாகக் கமிட்டியாரைச் சந்தித்தார். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, ‘பனி கொட்டும் தேசங்களிலும் பட்டுப் போகாத ஹைப்ரிட் பெர்முடாப் புல்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. இருக்கிற களையையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, இந்த அயல்நாட்டுப் புல்லைப் பதித்தால் மைதானம் கம்பளம் விரித்தாற்போல் இருக்குமாம். ‘புல்லின் மேல் நடக்காதீர்கள்’ என்ற பலகைக்குத் தனியாகக் காசு கிடையாதாம். புல்லோடு சேர்ந்து அது இலவசம்!

கமிட்டியாருக்கு ஆசை பிறந்துவிட்டது. ஆனாலும் செலவு பெரிதாயிற்றே என்ற தயக்கமும் இருந்தது. “நீங்கள் ஸயன்ஸ் உபாத்தியாயர். நாலு புத்தகம் படித்தவர். உங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுங்கள்” என்று என்னிடம் சொன்னார்கள். நான் இரண்டு வார அவகாசம் கேட்டேன்.

திருநெல்வேலிச் சீமையில் பனி கொட்டியதாகச் சரித்திரம் இல்லை. மார்கழி மாதத்து விடியற்காலையில் காதை மூடித் துண்டு கட்டிக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அவ்வளவுதான் நம் குளிர். அப்படியிருக்க, குளிர் தாங்கும் புல் நமக்கு எதற்கு? அந்தக் குணம் அதற்கு எங்கிருந்து வந்தது? புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, விஷயம் என்னைப் பொருநை ஆற்றங்கரைக்கே திருப்பி அனுப்பிற்று. ஒரு சனிக்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை ரயில் ஏறினேன்.

இந்த ரயில் பிரயாணத்தைப் போல் மனசுக்கு இதமான பிரயாணம் தமிழ்நாட்டிலே வேறொன்று உண்டா என்பது சந்தேகம். பேட்டை தாண்டியதும் ஊரின் சந்தடி ஓய்ந்துவிடுகிறது. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு பெயராக வந்து போகிறது. கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நடவான பிசான நெல் இரு பக்கமும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கார், வடகிழக்குப் பருவத்தில் பிசானம் என்று இரண்டு போகத்துக்கும் தண்ணீர் கொடுக்கிற ஆறு இது. பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோ மீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரையில் வேறு ராஜ்யத்து மண்ணை மிதிக்காத ஆறு. கல்லிடைக்குறிச்சி தாண்டி ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது, மேற்கே மலைத்தொடர் நீலமாக எழுந்து நின்று நம்மை வரவேற்கிறது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி ஆற்றங்கரைப் பக்கமாக நடந்தேன். நெல் வயலும் வாழைத் தோட்டமும் மாறி மாறி வந்தன. ஒரு வரப்பில் நடுத்தர வயதுள்ள விவசாயி ஒருவர் மண்வெட்டியால் எதையோ வெட்டி வெட்டி மேட்டில் எறிந்துகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். அருகம்புல்!

“என்ன அண்ணாச்சி, பிள்ளையாருக்கு உகந்ததை இப்படித் தூக்கி எறிகிறீர்களே?” என்றேன்.

“பிள்ளையாருக்கு உகந்ததுதான், ஸார். அவர் கோயிலிலே இருக்கட்டும். என் வயலுக்குள்ளே வந்தால் எனக்கு ஆகுமா?” என்று சிரித்தார். பிறகு ஒரு கொடியை எடுத்து நீட்டி, “இதிலே ஒரு கணு மண்ணிலே கிடந்தால் போதும். அடுத்த மாசம் வரப்பு முழுக்க இதுதான். சித்திரை வெயிலிலே செத்துப் போச்சுன்னு நினைப்போம். ஒரு மழை விழட்டும், சிரிச்சுக்கிட்டு நிற்கும்” என்றார்.

சாஸ்திரம் முழுவதையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அருகுக்கு இரண்டு வகைத் தண்டு உண்டு. ஒன்று தரைக்கு மேலே கொடியாக ஓடும்; இன்னொன்று தரைக்குள்ளே கிழங்குத் தண்டாக ஓடும். இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர், கணுவுக்குக் கணு முளை. மேலே மாடு மேய்ந்தாலும், தீப்பட்டாலும், காலால் மிதித்தாலும் கீழே இருக்கிற முளை சாவதில்லை. அருகைப் போல் வேரோட வேண்டுமென்று பெரியோர்கள் கல்யாணத்தில் ஆசீர்வதிப்பது வெறும் அலங்காரப் பேச்சல்ல; கண்ணால் கண்டு சொன்னது. விவசாயியின் கோபமும் நியாயமானதே. உலகத்தின் மிக மோசமான களைகள் இன்னவையென்று 1977-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு வரிசை வகுத்தார்கள். அதிலே கோரைக்கிழங்குச் செடிக்கு முதலிடம், அருகுக்கு இரண்டாமிடம்.

இந்த அருகம்புல்லுக்கு மேனாட்டார் வைத்திருக்கும் பெயர்தான் பெர்முடாப் புல். ஆம், கமிட்டியாருக்கு வந்த வர்ணப் புத்தகத்தில் இருந்த அதே பெர்முடா! பெர்முடாத் தீவுக்கும் இதற்கும் பூர்விகச் சம்பந்தம் எதுவும் இல்லை. பழைய உலகத்துப் புல், கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், வழியிலே இருந்த தீவின் பெயரைச் சூடிக்கொண்டது.

அம்பாசமுத்திரத்திலே 1937-ஆம் வருஷம் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய இடம் இது. 1986-ல் இங்கிருந்து வெளிவந்த ‘அம்பை 16’ என்ற குட்டையான, பருமனான அரிசி நெல்லை அறியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. நெல்லும் ஒரு புல்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆகையால், புல்லிலே புது ரகம் காணும் வித்தையைப் புரிந்துகொள்ள நெல்லே நல்ல பாடம்.

நெற்பூ காலையில் சுமார் ஒன்பது மணிக்கு மேல் வாய் திறக்கும். சற்று நேரத்தில் மூடிக்கொள்ளும். அது தன் மகரந்தத்தாலேயே கருவுறும் சுபாவம் உடையது. ஆகவே, தாயாகக் கொள்ளும் கதிரில் ஆண் பாகங்களை முன்கூட்டியே ஊசி முனை போன்ற கருவியால் எடுத்துவிட்டு, கதிரைக் காகிதப் பையால் மூடிவிடுவார்கள். உரிய வேளையில் தந்தையாகக் கொள்ளும் ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்ப்பார்கள். அம்பை 16-க்கு ஆடுதுறை 31 ஒரு பக்கம். கோயமுத்தூர் 39 மறு பக்கம். கிடைக்கிற சில விதைகளை விதைத்து, பல தலைமுறைகள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தால், ஆயிரத்தில் ஒன்று தேறும். மற்றவற்றையெல்லாம் தயவு தாட்சணியம் இன்றி ஒதுக்கிவிட வேண்டும். புல் வளர்ப்பதிலே கைத்திறனைவிடப் பொறுமையே பெரிய வித்தை.

அங்கிருந்து பஸ் ஏறிப் பாபநாசத்துக்குப் போனேன். கோயில் படித்துறையில் கூட்டம் குறைவாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் நிறைந்து, பாறைகளைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு ஓடிற்று. எதிர்க்கரையில் நாணல் வெள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோயமுத்தூர் ஞாபகம் வந்தது.

குளிர் தாங்கும் புல்லை உண்டாக்கும் வித்தையை அமெரிக்காவிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டுமென்று நினைப்பவர்கள் கோயமுத்தூர்க் கதையைக் கேட்க வேண்டும். 1912-ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. கரும்பும் புல் ஜாதியே. தென்னாட்டின் பருத்த கரும்புகள் இனிப்பிலே சிறந்தவை. ஆனால் பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் குளிருக்கும் வறட்சிக்கும் அவை தாக்குப் பிடிக்கவில்லை. அங்கே விளைந்த ஒல்லிக் கரும்புகளிலோ சாறு சொற்பம். பார்பர் என்ற துரையும் அவருக்குப் பிறகு தி. சு. வெங்கட்ராமனும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆற்றங்கரையில் யாரும் சீந்தாமல் கிடந்த நாணலை, பேய்க்கரும்பு என்று நம்மவர்கள் தள்ளி வைத்த அந்தக் காட்டுப் புல்லை, ‘வெள்ளை’ என்ற நல்ல கரும்புடன் மணம் முடித்து வைத்தார்கள். வடக்கே கரும்பு பூத்து வித்துப் பிடிப்பது அபூர்வம். கோயமுத்தூரில் அது பூக்கும். ஆகையால் தெற்கே கல்யாணம், வடக்கே குடித்தனம்!

அப்படிப் பிறந்த ‘கோ 205’ என்ற கரும்பு 1918-ல் வட இந்திய விவசாயிகளின் கைக்குப் போயிற்று. இனிப்புக்குத் தாய், உறுதிக்கு நாணல். அதன் பிறகு கோயமுத்தூர்க் கரும்புகள் வட இந்தியா முழுவதும் பரவின. அயல்நாடுகள் பலவற்றுக்கும் சென்றன. 1934-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜானகி அம்மாள் என்ற பெண்மணி, நாணல் இனங்களின் உயிரணுக்களை ஆராய்ந்ததோடு கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். பாரத நாட்டின் குளிருக்குத் தக்க புல்லை, குளிரே அறியாத தமிழ்நாட்டில் உண்டாக்கியவர்கள் நம்மவர்கள். இதை நாம் நம் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

இனி அருகின் கதைக்கு வருவோம். அமெரிக்காவிலே ஜார்ஜியா ராஜ்யத்தில் டிஃப்டன் என்று ஒரு சிறிய ஊர். கிளென் பர்ட்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1936-ல் அங்கே வந்து சேர்ந்தார். அவர் முதலில் அருகைக் கவனித்தது மாட்டுத் தீவனத்துக்காகத்தான். அங்கேயும் பருத்தி விவசாயிகள் அருகைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கோல்ப் விளையாட்டுச் சங்கத்தாரின் உதவியோடு புல்தரைக்கான ரகங்களைத் தேடலானார். கோல்ப் மைதானம் ஒன்றில் தானாக முளைத்திருந்த நேர்த்தியான அருகை எடுத்து, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மெல்லிய ஒன்றுவிட்ட சகோதரப் புல்லோடு கலந்தார். 1956-ல் ‘டிஃப்கிரீன்’, 1960-ல் ‘டிஃப்வே’ என்ற ரகங்கள் வெளிவந்தன. இன்று உலகத்தின் வெப்ப நாடுகளிலே பந்து உருளும் புல்தரைகள் பலவற்றிலும் இருப்பவை இந்த வம்சமே.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண அருகின் உயிரணுவில் குரோமோசோம் 36; ஆப்பிரிக்கப் புல்லில் 18. கலந்து பிறந்த குழந்தைக்கு 27. இந்த எண் இரண்டாகச் சமமாய்ப் பிரியாது. ஆகையால் அந்தப் புல் விதை பிடிப்பதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் கொடியையோ பத்தையையோ கொண்டுபோய்த்தான் நட வேண்டும். ‘அயல்நாட்டுப் புல்’லுக்கு விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் டிஃப்வேயும் கடுங்குளிரில் செத்துவிடும். விநாயகர் அனலாசுரனை விழுங்கியபோது அவர் வயிற்று வெப்பத்தை ஆற்றியது அருகு என்று புராணம் சொல்கிறது. வெப்பத்தை ஆற்றத் தெரிந்த அருகுக்குக் குளிரைத் தாங்கத் தெரியவில்லை! கரும்பு, கம்பு, சோளம் போல அதுவும் சூடான நாட்டுப் புல். குளிர் வந்ததும் பழுத்து உறங்கும்; குளிர் மிஞ்சினால் தரைக்குள் இருக்கும் முளையும் மடியும். அமெரிக்காவின் நடுப் பிரதேசத்தில், கோடை வந்தால் குளிர்நாட்டுப் புல் வாடுகிறது. பனிக்காலம் வந்தால் அருகு சாகிறது. இந்த இரண்டுங்கெட்டான் நிலத்துக்காகத்தான் ஒக்லஹோமா ஸ்டேட் சர்வகலாசாலையார் பல வருஷங்களாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

அவர்கள் செய்யும் பரீட்சை விசித்திரமானது. புற்செடிகளைச் சில வாரம் இளங்குளிரில் வைத்துப் பழக்குவார்கள். அப்போது செடி தன் தண்டுகளில் சர்க்கரை முதலியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு உறைபெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு டிகிரியாகக் குளிரை அதிகப்படுத்துவார்கள். ஒவ்வொரு படியிலும் சில செடிகளை வெளியே எடுத்து, கதகதப்பான இடத்தில் வைத்து, எது மறுபடி துளிர்க்கிறது என்று காத்திருப்பார்கள். பாதிச் செடிகள் மடிகிற உஷ்ண நிலை எதுவோ, அதுவே அந்த ரகத்துக்கு மார்க்கு. சீனம் முதலிய தேசங்களிலிருந்து சேகரித்த, குளிருக்குப் பழகிய அருகு வகைகளையும் கலப்புக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 2002-ல் ‘பேட்ரியட்’, 2010-ல் ‘லாடிட்யூட் 36’, ‘நார்த்பிரிட்ஜ்’, பின்னர் ‘டஹோமா 31’ என்று ரகங்கள் வந்தன. டஹோமாவுக்கு வந்த கௌரவத்தையும் கேளுங்கள்: 2023-ஆம் வருஷம் அரிசோனாவில் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு அதைத்தான் விரித்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலே ஆட்டக்காரர்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள்! புல் எவ்வளவு உயர்ந்த வம்சமானாலும், இடமும் வேளையும் பராமரிப்பும் பொருந்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

பர்ட்டனைப் பற்றி இன்னொரு செய்தி சொல்லாவிட்டால் கதை பூர்த்தியாகாது. நம் நாட்டில் முதன்முதலாக வந்த ஒட்டுக் கம்புக்குத் தாயாக அமைந்த ‘டிஃப்ட் 23ஏ’ என்ற வித்தும் அவர் உண்டாக்கியதே. அதை வைத்துப் பஞ்சாபிலே அத்வால் என்ற விஞ்ஞானி 1965-ல் புதுக் கம்பை வெளியிட்டார். விளைச்சல் பெருகிற்று. ஆனால் எங்கு பார்த்தாலும் ஒரே தாய் வயிற்றுப் பயிர். 1970-க்குப் பின் அடிச்சாம்பல் நோய் வந்தபோது எல்லாம் ஒன்றாகவே படுத்துவிட்டன. பல நாட்டு வித்துக்களைச் சேர்த்துப் புதுத் தாய்களை உண்டாக்கிய பிறகுதான் கம்பு மறுபடி நிமிர்ந்தது. வரப்பில் கிடக்கிற நாட்டு வகைகளைக் களை என்று ஒழித்துவிட்டால், அந்த மாதிரி ஆபத்து வரும் நாளில் யாரிடம் போய்க் கை நீட்டுவது?

படித்துறையில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டியம்மாள் கூடையில் அருகு பறித்துக்கொண்டு படியேறி வந்தாள். “யாருக்குப் பாட்டி?” என்றேன். “நாளைக்குச் சதுர்த்தியில்லையா, ஐயா? கோயில் வாசலிலே விற்பேன். கட்டு பத்து ரூபாய். ஆறு கொடுக்குது, நான் விக்கிறேன்” என்றாள். ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை என் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்தேன். ஏஜெண்டு சொன்னதில் பொய் இல்லை, அந்தப் புல் நல்ல புல்தான், வெயிலையும் தாங்கும். ஆனால் நாம் கூடுதலாகக் கொடுக்கப்போகிற பணம், அது பனியைத் தாங்கும் குணத்துக்காக. சித்திரை மாதத்துக்குக் கம்பளிப் போர்வை வாங்குவதை ஒக்கும் இது. வாரந்தோறும் கத்தரிக்க வேண்டும். உரம் போட வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். மேலும், எதைக் களை என்று சுரண்டி எறியப் போகிறோமோ, அதுவே இந்த அயல்நாட்டுப் புல்லின் தாய்வழி உறவு. இவ்வளவும் எழுதி, அருகங்கட்டையும் மேஜைமேல் வைத்தேன்.

முழு வெற்றி கிடைத்ததென்று சொல்ல மாட்டேன். ஆபீஸ் அறைக்கு முன்னால் உள்ள சிறிய இடத்தில் அந்தப் புல்லைப் பதித்தார்கள், பலகையும் வைத்தார்கள். மைதானம் மட்டும் தப்பிற்று. ஒரு நிபந்தனை: அதன் பராமரிப்பு என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் பையன்களும் பெண்களும் நெருஞ்சி முள்ளைப் பிடுங்குகிறார்கள்; மண் தெரிகிற இடத்தில், ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்த அருகங்கணுக்களை ஊன்றுகிறார்கள். சென்ற வாரம் ஒரு சிறுவன் என்னிடம் ஓடி வந்தான்.

“ஸார், நான் வைத்தது ஒரு ஜாண் ஓடியிருக்கு, ஸார்!” என்றான்.

அவன் முழங்காலில் புதிதாக ஒரு சிராய்ப்பும் இருந்தது.